தொழில்வழிச் சிகிச்சை படித்தவர் முதல் வேலையை எங்கே தொடங்குவது?

கேள்வி: நான் தொழில்வழிச் சிகிச்சையில் (ஆக்குபேஷனல் தெரப்பி) நான்காண்டு இளங்கலைப் படிப்பை முடித்துவிட்டு, இப்போது செபராங் ஜெயாவில் பெற்றோருடன் இருக்கிறேன். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தனியார் குழந்தைகள் சிகிச்சை மையம் ஒன்று உடனே வேலைக்கு வரச் சொல்கிறது. சம்பளமும் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். அம்மாவோ அரசாங்க வேலைக்குக் காத்திரு என்கிறார். பயிற்சிக் காலத்தில் மனநலப் பிரிவில் கழித்த வாரங்கள்தாம் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. அதைச் சொன்னால், மனநல மருத்துவமனைக்குப் பேர்போன ஊரைக் குறிப்பிட்டு, 'தஞ்சோங் ரம்புத்தானில் வேலை பார்க்கவா இத்தனை வருடம் படித்தாய்?' என்று மாமா கேட்கிறார். என்னுடன் படித்தவர்களில் சிலர் சிங்கப்பூருக்குப் போக முயல்கிறார்கள். எங்கே தொடங்கினால் பின்னால் வருந்தாமல் இருப்பேன்? – வாசகி, செபராங் ஜெயா

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிட்டுக் காரணங்களைப் பிறகு விளக்குகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, உங்களைவிட அனுபவம் மிக்க ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்தக்கூடிய இடத்திற்குப் போங்கள். அந்த இடம் அரசு மருத்துவமனையா, தனியார் மையமா, மனநலப் பிரிவா என்பது அதற்கு அடுத்த கேள்வி. உங்கள் நிலையில் இருப்பவருக்கு, பலவகை நோயாளிகள் வந்துபோகும் ஒரு பெரிய பொது மருத்துவமனை நல்ல தொடக்கமாக இருக்கும் என்பது என் கருத்து. மனநலத் துறைமீது உங்களுக்கு உள்ள விருப்பத்தை மாமா கேட்ட ஒரு கேள்விக்காகக் கைவிட வேண்டாம்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். மருத்துவமனையிலும் தனியார் மையத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது வீடுவீடாகச் சென்று சிகிச்சை தருகிறேன். இத்தனை இடங்களைப் பார்த்த பிறகு, ஒரு பணியிடத்தை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நம்மிடம் வருபவருடைய ஒரு நாளில் எந்தப் பகுதியை இந்த இடம் நமக்குக் காட்டுகிறது? மலாயில் 'சாராகெர்ஜா' என்றும் தமிழில் 'தொழில்வழி' என்றும் அழைக்கப்படுவதால், நம்மை வேலை வாங்கித் தருபவர்கள் என்று நினைத்து வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இங்கே தொழில் என்பது காலையில் பல் துலக்குவதிலிருந்து இரவில் பாய் விரிப்பது வரை ஒருவருடைய நாளை நிரப்பும் அத்தனை காரியங்களையும் குறிக்கிறது. கை தோள்வரை உயர்கிறது என்று குறிப்பேட்டில் எழுதியதும் நம் வேலை முடிந்துவிடுவதில்லை. அந்தக் கை சோற்றைப் பிசைந்து வாய்வரை கொண்டுபோகிறதா என்று பார்த்த பிறகுதான் முடிகிறது. எந்தப் பணியிடமும் முழு நாளையும் நமக்குக் காட்டுவதில்லை. ஓர் இடத்தில் காலை தெரியும், இன்னோர் இடத்தில் பள்ளி நேரம் தெரியும், வேறோர் இடத்தில் தொழிற்சாலை ஷிப்ட் மட்டும் தெரியும். நமக்குத் தெரியாத பகுதியைக் கேட்டறியும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே யாராவது நமக்குள் ஊன்றிவிட வேண்டும். மேற்பார்வையாளர் இருக்கும் இடத்தை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ரொட்டி சானாய் மாஸ்டர். நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சமையலறையில் கத்தி பட்டு, வலது கையில் இரண்டு விரல்களின் மடக்குத் தசைநாண்கள் அறுந்து, அறுவை சிகிச்சையில் தைக்கப்பட்ட நிலையில் அவர் எங்கள் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். நீங்களும் பயிற்சியில் செய்து பார்த்திருப்பீர்கள்: தெர்மோபிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீர்த் தொட்டியில் போட்டு, அது துணிபோலக் குழைந்ததும் எடுத்து, துண்டில் ஒற்றி, நம் முன்கையில் வைத்துச் சூட்டைப் பார்த்துவிட்டு, நோயாளியின் கையின் புறப்பக்கத்தில் படிய வைத்து, அது இறுகும் அந்த ஓரிரு நிமிடங்கள் மணிக்கட்டையும் விரல்களையும் சரியான கோணத்தில் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். அன்று நான் செய்த ஸ்பிளிண்ட் (கையை அசையாமல் தாங்கும் உறை) கோணத்தில் பிசகவில்லை. ஓரங்களையும் மழுப்பி, தோலில் உரசாமல் செய்திருந்தேன். தைத்த தசைநாண் ஒட்டி வலுப்பெறும் முதல் ஆறு வாரங்கள் அதைக் கழற்றக் கூடாது என்று மூன்று முறை சொல்லியும் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அவர் வந்தபோது ஸ்பிளிண்ட் அவருடைய பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. குரலையும் கொஞ்சம் உயர்த்திவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த என் மூத்தவர் எழுந்து வந்து, அவரிடம் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்து, "இவர் உன்னிடம் எப்படி வருகிறார் என்று கேட்டாயா?" என்றார். நான் கேட்கவில்லை. கெப்பாளா பத்தாசிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார். வீட்டில் வேறு வண்டி இல்லை. வலது கையில் ஸ்பிளிண்ட் இருந்தால் ஆக்ஸிலேட்டரைத் திருக முடியாது. எங்கள் பிரிவுக்குக் குறித்த நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அதைக் கழற்றியிருந்தார். நல்ல வேளையாகத் தையல் விட்டுப்போகவில்லை. அவருடைய மைத்துனருக்கு ஓய்வு நாள் எதுவோ அந்த நாளுக்கு அவருடைய முறையை மாற்றிக் கொடுத்தோம். பிறகு ஒரு நாளும் அவர் அதைக் கழற்றவில்லை. பன்னிரண்டு வாரம் கடந்து கைக்கு வலு கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் மாவு வேண்டாம் என்று ஈரத் துண்டை மேசையில் அறைந்து, விரித்து, வீசிப் பழகினார். எங்கள் பிரிவே வேலையை நிறுத்திவிட்டு அதை வேடிக்கை பார்த்தது. அந்த மூத்தவர் அன்று அறையில் இல்லாதிருந்தால், 'சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளி' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பேன்.

பெரிய பொது மருத்துவமனையை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே முதல் காரணம். பினாங்குப் பொது மருத்துவமனை, உங்கள் வீட்டருகே உள்ள செபராங் ஜெயா மருத்துவமனை, கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற இடங்களில் ஒன்றுக்கும் மேற்பட்ட சிகிச்சையாளர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். கை அறுவை சிகிச்சை, பக்கவாதம், தீக்காயம், முதுகுத்தண்டு அடி, குழந்தை வளர்ச்சி, மனநலம் எனப் பலவற்றிலும் சுழற்சி முறையில் வேலை பழக வாய்ப்பு உண்டு. மறுவாழ்வையே முழுநேரப் பணியாகக் கொண்ட இடம் வேண்டுமென்றால் கோலாலம்பூரில் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. அங்கே நோயாளிகள் வாரக்கணக்கில் தங்கியிருப்பதால், ஒருவர் குளிப்பதிலிருந்து சமைப்பதுவரை படிப்படியாக மீள்வதை உடனிருந்து பார்க்கலாம். தனியார் மருத்துவமனைகளில் சில நல்ல பிரிவுகள் உள்ளன. ஆனால் சிலவற்றில் மொத்தப் பிரிவுமே ஒரே ஒருவராக இருப்பதால், அங்கே புதியவராகச் சேர்வதற்கு நான் தயங்குவேன்.

மருத்துவமனையின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே நமக்குத் தெரிவது நோயாளியின் நாளில் மிகச் சிறிய பகுதி. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன ஓர் அம்மாவுக்கு, சட்டை போடும்போது பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று கட்டிலோரத்தில் கற்றுக்கொடுத்தோம். பிடிமானக் கம்பி பொருத்திய மருத்துவமனைக் குளியலறையில் அவர் தாமாகவே குளிக்கவும் செய்தார். வீடு திரும்பிய பிறகு போய்ப் பார்த்தால், ஜெலுத்தோங்கில் மலிவு விலை அடுக்குமாடி வீடு. குளியலறை வாசலில் அரையடி உயரத் தடுப்பு. உள்ளே குந்தி உட்காரும் கழிவறை, வாளி, குவளை. மருத்துவமனையில் அவர் கற்றவற்றில் பாதி அந்த வாசலோடு நின்றுவிட்டது.

தடுப்புக்கு முன்னால் ஒரு படியும், சுவரில் ஒரு கம்பியும், கழிவறைக்கு மேல் வைக்கும் நாற்காலி ஒன்றும் ஏற்பாடு செய்தோம். அவர் கேட்டதோ வேறொன்று: வெள்ளிக்கிழமை தாமே விளக்கேற்ற வேண்டும். ஒற்றைக் கையால் தீப்பெட்டியைப் பிடிப்பது எப்படி, உரசுவது எப்படி? தரையில் இருந்த குத்துவிளக்கை இடுப்பளவு உயரமுள்ள மேசைக்கு மாற்றினோம். தீப்பெட்டியை விட்டுவிட்டுச் சமையலறையில் அடுப்புப் பற்றவைக்கும் நீளமூக்கு லைட்டரைக் கொடுத்தோம். சேலை முந்தானையை முதலில் இடுப்பில் செருகிக்கொள்ளும் வரிசையை மூன்று வாரம் பழக்கினோம். வீட்டுக்குப் போகாமல் அவருடைய வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்திருக்காது. ஆகவே நீங்கள் சேரும் மருத்துவமனையில் வீட்டு வருகைக்கு வழி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், வீட்டின் படங்களையாவது எடுத்து வரும்படி குடும்பத்தாரிடம் சொல்லும் வழக்கத்தை நீங்களே தொடங்கிவைக்கலாம்.

இனி பெட்டாலிங் ஜெயா மையம். கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிய பட்டதாரிகளுக்கு விரைவில் வேலை கிடைப்பது குழந்தைகள் சிகிச்சை மையங்களில்தான். ஆட்டிசம், கவனக்குறைபாடு, வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அரசு மருத்துவமனையில் முறைக்குக் காத்திருக்க முடியாமல் இத்தகைய மையங்களை நாடுகிறார்கள். அந்த வேலையை நான் மிக மதிக்கிறேன். ஆனால் அது மிகக் கடினமானது என்பதால்தான் தனியாக அனுப்பப்படும் புதியவர்களை நினைத்துக் கவலைப்படுகிறேன். மருத்துவமனையில் நாம் தவறு செய்தால் கேட்க மருத்துவர், பிசியோதெரப்பிஸ்ட், தாதி எனப் பலர் இருப்பார்கள். மையத்தில் ஓர் அறை, ஓர் ஊஞ்சல், ஒரு குழந்தை, நீங்கள். கதவுக்கு வெளியே கட்டணம் செலுத்திவிட்டு நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கும் தாய். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மையத்தில் நாளொன்றுக்கு எட்டுக் குழந்தைகள், ஒவ்வொருவருக்கும் நாற்பத்தைந்து நிமிடம். குறிப்பெழுதவும் பெற்றோரிடம் பேசவும் தனி நேரம் கிடையாது. ஆறு மாதத்தில், எந்தக் குழந்தைக்கு எதற்காக எந்தப் பயிற்சி என்று யோசிப்பதை விட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே வரிசையில் ஊஞ்சல், பந்து, மணி கோத்தல் என்று நடத்திக்கொண்டிருந்தேன். அதை நான் உணர்ந்ததே ஒரு தாயின் கேள்வியால்தான்: "டீச்சர், இங்கே ஆணிப்பலகையில் இருபது ஆணியும் சரியாகக் குத்துகிறான் என்கிறீர்கள், வீட்டில் இன்னும் நான்தானே ஊட்டிவிடுகிறேன்?"

அந்தப் பையனுக்கு அடுத்த ஜனவரியில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. தண்ணீர்ப் புட்டியைத் திறக்க, உணவு டப்பாவின் மூடியை நெம்ப, காற்சட்டை ஸிப்பை இறக்கி ஏற்ற, மணியடித்ததும் பையில் புத்தகத்தை வைத்து மூட அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அன்று முதல் அவனுடைய சொந்த டப்பாவையும் பள்ளிச் சட்டையையும் கொண்டுவரச் சொன்னேன். கடைசிப் பதினைந்து நிமிடம் தாயும் உள்ளே வந்து, நான் செய்வதைத் தாமும் செய்து பார்த்தார். தொடுதல், அசைவு போன்ற உணர்வுகளை மூளை ஒருங்கிணைப்பதைப் பற்றி ஜீன் அயர்ஸ் வகுத்த புலனொருங்கிணைப்புக் கோட்பாட்டை நீங்கள் படித்திருப்பீர்கள்; ஊஞ்சலுக்கும் அதில் இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊஞ்சல் குழந்தையின் எந்தக் காரியத்துக்கு உதவப்போகிறது என்று நம்மால் சொல்ல முடிய வேண்டும். இப்படிக் கேட்டு நம்மைத் திருத்தும் மூத்தவர் ஒருவர் அந்த மையத்தில் இருந்தால் தயங்காமல் சேருங்கள். அவர் மாதம் ஒரு முறை வந்துபோகும் 'ஆலோசகர்' மட்டும் என்றால், சம்பளம் எவ்வளவு என்றாலும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். இரண்டு ஆண்டு கழித்துப் போனாலும் அந்த வேலை அங்கேயேதான் இருக்கும்; உங்களிடம் அப்போது அதற்கான கையும் இருக்கும்.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். நம் வீடுகளில் பிள்ளை கொஞ்சம் சேட்டை செய்தாலே 'உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்' என்று சொல்லும் வழக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிறது. ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல் ஆக்கிவிட்டோம். அங்குள்ள மனநல மருத்துவமனை 1911-இல் தொடங்கப்பட்டது. இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது. நம் தொழிலின் வேரே இத்தகைய மனநல மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. 1917-இல் அமெரிக்காவில் இத்துறைக்கு முதல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எலினோர் கிளார்க் ஸ்லேகிள், நாட்பட்ட மனநோயால் முடங்கியவர்களுக்கு எழுவது, உடுத்துவது, வேலை செய்வது, ஓய்வெடுப்பது என்று நாளின் ஒழுங்கை மீட்டுத் தருவதையே சிகிச்சையாக அமைத்தவர். ஆகவே மனநலப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதால் தொழிலின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடுவோம் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

மனநலப் பணி என்றால் பெரிய மதில் சூழ்ந்த இடம் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். பொது மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் உள்ளன. சுகாதார அமைச்சு நடத்தும் 'மென்தாரி' எனும் சமூக மனநல மையங்கள் உள்ளன. குணமடைந்து வருபவர்கள் அங்கே பகலில் வந்து போகிறார்கள். வெளியே வேலை தேடிக்கொள்ளவும், கிடைத்த வேலையில் நிலைக்கவும் உதவி பெறுகிறார்கள். என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு வயது இருபத்தாறு, மனச்சிதைவு நோய். மருந்து ஒத்துக்கொண்டது; ஆனால் அந்த மருந்தின் தூக்கத்தால் காலை பதினொரு மணிக்குத்தான் எழுவார். சலவைக் கடை ஒன்று ஒன்பது மணிக்கு வந்தால் வேலை தருகிறேன் என்றது. மருத்துவரிடம் பேசி இரவு மருந்தின் நேரத்தை முன்னுக்கு நகர்த்தினோம். பிறகு எழும் நேரத்தை வாரத்துக்கு அரை மணி நேரமாக முன்னே கொண்டுவந்தோம். அதன்பின் பேருந்து: சுங்கை நிபோங்கிலிருந்து கொம்தார் வரை முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தேன், அடுத்த முறை மூன்று இருக்கை பின்னால், அதற்கடுத்த முறை கொம்தாரில் காத்து நின்றேன். சில்லறையை முதல் நாள் இரவே எண்ணிச் சட்டைப் பையில் போட்டு வைப்பார். அவர் தனியாக இறங்கி வந்த காலையில் கையை உயர்த்தி எனக்கு நேரத்தைக் காட்டினார்: எட்டு நாற்பது. இந்த வேலை உங்களுக்குப் பிடித்திருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்து உண்மையிலேயே மகிழ்ந்தேன், ஏனென்றால் பிடித்து வருபவர்கள் மிகக் குறைவு. மாமாவிடம் வாதாட வேண்டாம்; இப்படி ஒருவருடைய கதையை, பெயரையும் ஊரையும் சொல்லாமல், ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

பினாங்கில் இருப்பவர் என்பதால் தொழிற்சாலை சார்ந்த பணியையும் குறிப்பிட வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை எழுந்த காலத்திலிருந்தே, தீவிலும் பிறையிலும் உள்ள மின்னணுத் தொழிற்சாலைகளில் நம் குடும்பப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள். ஒரே அசைவை நாள் முழுதும் செய்வதால் வரும் மணிக்கட்டு மரப்பு, தோள் வலி, கழுத்து வலி ஆகியவற்றை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். வேலையிடத்தின் உயரம், கைக்கெட்டும் தூரம், தூக்கும் எடை ஆகியவற்றை அளந்து மாற்றுவது நம் படிப்புக்குள் அடங்கியதே. தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2017-இல் வேலையிட எர்கோனாமிக் (உடலுக்கேற்ற வேலையமைப்பு) ஆபத்து மதிப்பீட்டுக்கான வழிகாட்டியை வெளியிட்ட பிறகு, இதை அறிந்தவர்களுக்கான தேவை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது.

இதன் மறுபக்கம் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். விபத்திலோ நோயிலோ வேலை இழந்தவரை மீண்டும் வேலைக்கு அனுப்பும் திட்டத்தைச் சொக்சோ 2007 முதல் நடத்துகிறது. மலாக்காவில் அதன் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் இயங்குகிறது. ஈப்போ மேரு ராயாவிலும் புதிய மையம் எழுந்துள்ளது. லோரி ஓட்டுநர் ஒருவரின் கை இனி எவ்வளவு எடையைத் தாங்கும், எத்தனை மணி நேரம் ஸ்டீரிங் பிடிக்கும் என்று சோதித்து, முதலாளியிடம் பேசி, வேறு பொறுப்பில் அமர்த்துவதுவரை இங்கே செல்ல முடியும். வேலையே கௌரவம் என்று வாழ்ந்த ஆண்கள் வீட்டில் முடங்கும்போது அந்தக் குடும்பம் என்னவாகிறது என்று நமக்குத் தெரியும். ஆகவே இது அருமையான பணி. ஆனால் மருத்துவம், சட்டம், முதலாளி, தொழிலாளி என நான்கு தரப்பையும் பேசித் தீர்க்க வேண்டிய இடம் என்பதால், உங்களுடைய இரண்டாவது வேலையாக இருந்தால் நல்லது.

சமூகப் பணிகளில் 'பி.டி.கே.' எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்களை நீங்கள் அறிவீர்கள். 1984-இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் இன்று நாடு முழுதும் பரவியிருக்கிறது. அங்கே அன்றாடம் பிள்ளைகளுடன் இருப்பவர்கள் உள்ளூர்ப் பணியாளர்கள். சிகிச்சையாளர் அவ்வப்போது வந்து அவர்களைப் பழக்குவார். ஒரு நாள் உங்களால் முடிந்தால் போய்க் கற்றுக்கொடுங்கள். முழுநேர முதல் வேலையாக அது அமைவது அரிது. முதியோர் பராமரிப்பு வேகமாக வளர்ந்து வருகிறது. 2030 அளவில் நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடாக இருப்பார்கள் என்று கணிக்கப்படுகிறது. விழாமல் தடுப்பது, மறதி நோயுள்ளவரின் வீட்டை ஒழுங்குபடுத்துவது போன்றவற்றுக்கு இப்போதே ஆள் போதவில்லை என்பதை வீடுவீடாகச் செல்லும் நான் தினமும் பார்க்கிறேன். தனியாக வீட்டு வருகை செய்வதைப் பற்றி ஐந்து ஆண்டு அனுபவத்திற்கு முன் நினைக்க வேண்டாம்.

சிங்கப்பூரைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். உங்கள் பட்டம் அங்குள்ள பதிவு மன்றத்தின் ஏற்புப் பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் மன்றத்தின் இணையத்தளத்திலேயே பாருங்கள். ஏஜென்டின் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். வெளிநாட்டவர்கள் தொடக்கத்தில் மேற்பார்வையின் கீழ் வேலை செய்யும் நிபந்தனைப் பதிவே அங்கே வழக்கம். எனவே என் முதல் நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும். ஆயினும் இங்கே ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே தடுமாறுவது குறைவு என்பதை என் மாணவிகளிடம் கண்டிருக்கிறேன்.

எங்கே சேர்ந்தாலும் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த மன்றத்தில் பதிவு செய்து, தொழில் புரிவதற்கான சான்றிதழையும் பெறாமல் நோயாளியைத் தொடக்கூடாது. 'முதலில் வேலையைத் தொடங்குங்கள், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் முதலாளி யாராக இருந்தாலும் அந்த வேலை வேண்டாம். நாளை ஏதாவது நேர்ந்தால் நிற்கப்போவது உங்கள் பெயர்தான்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரசாங்க வேலையின் சுழற்சிப் பயிற்சியும், மேற்படிப்புக்கான வாய்ப்பும் பெரியவை. ஆனால் பொதுச் சேவை ஆணையத்தின் அழைப்பு எப்போது வரும் என்று உங்களுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. வந்தாலும் முதலில் ஒப்பந்த நியமனமாக இருக்கலாம், சபா அல்லது சரவாக்கில் போடலாம். விண்ணப்பத்தை இன்றே பதிவு செய்துவிடுங்கள். அதற்காக வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பின் விதிப்படி குறைந்தது 1000 மணி நேரம் களப்பயிற்சி செய்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறீர்கள். ஓராண்டு சும்மா இருந்தால், தகட்டைப் பிடித்த விரல்களுக்கு அந்தக் கோணம் மறந்துபோகும்.

நேர்காணலுக்குப் போகும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். என் வேலையைப் பார்த்துத் திருத்தப்போகும் தொழில்வழிச் சிகிச்சையாளர் யார், அவர் வாரத்தில் எத்தனை நாள் இங்கே இருப்பார்? நாளொன்றுக்கு எத்தனை பேரைப் பார்க்க வேண்டும், குறிப்பெழுத நேரம் அதற்குள் அடங்குமா? எனக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் எத்தனை காலம் இருந்தார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைவிட, அதைச் சொல்லும்போது அவர்களுடைய முகத்தைக் கவனியுங்கள்.

பெட்டாலிங் ஜெயா மையத்திற்கு இந்த வாரமே மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, முடிவெடுப்பதற்கு முன் ஒரு நாள் முழுதும் அங்கே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அதே வாரத்தில் செபராங் ஜெயா மருத்துவமனையின் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுத் தலைவரையும், தீவில் உள்ள ஓரிரு தனியார் மருத்துவமனைகளையும் நேரில் போய்ப் பாருங்கள். காலியிடம் இல்லையென்றாலும் பெயரையும் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்வார்கள். மலேசியத் தொழில்வழிச் சிகிச்சைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். விளம்பரம் ஆகாத வேலைகள் அங்கேதான் முதலில் காதில் விழும். மனநலப் பிரிவில் உங்களுக்குப் பயிற்சி தந்தவரிடம், அங்கே வேலை செய்ய விரும்புகிறேன் என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

எந்தப் பிரிவில் முதலில் போட்டார்கள் என்று வேலையில் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதினால் மகிழ்வேன். அம்மாவுக்கும் மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.